அலாய் வீல்: விலைக்கு ஏற்ற தரமா என்று பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரோடு வந்த வீலைக் கழற்றிவிட்டு வெளியில் வேறு வீல் வாங்கப் போகிறவர்களுக்கான கேள்வி பதில் இது. வீலின் அழகு முன்பக்கத்தில் இருக்கிறது. அதன் தரம் பின்பக்கத்திலும், அதற்கான சோதனைத் தாளிலும் இருக்கிறது. அதனால் கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை வீலைத் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்பவை.

பார்க்க அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வீல்களுக்கு விலை ஏன் மூன்று மடங்கு, நான்கு மடங்கு வேறுபடுகிறது?

டிசைனைக் காப்பியடிப்பது எளிது. அதற்கு உள்ளே இருக்கும் வேலையைக் காப்பியடிக்கத்தான் செலவாகும். கலவையில் சுத்தமான அலுமினியம் எவ்வளவு, கழிவு உலோகம் எவ்வளவு? உருகிய உலோகத்திலிருந்து ஹைட்ரஜன் வாயுவை எடுத்தார்களா? வார்த்த பிறகு முறையாக வெப்பப் பதப்படுத்தினார்களா? ஒவ்வொரு வீலையும் எக்ஸ்ரே பிடித்தார்களா, அல்லது நூற்றில் ஒன்றை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டார்களா? லேத்தில் கடைந்தபோது நடுத் துளையும் ரிம்மின் விளிம்பும் ஒரே மையத்தில் அமைந்தனவா? கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைகளுக்குத்தான் விலையின் நியாயமான பகுதி போகிறது.

மிச்சம் பெயருக்கு, விளம்பரத்துக்கு, பந்தய அணிகளுக்குக் கொடுக்கும் பணத்துக்கு, பெயின்ட்டுக்கு, பெட்டிக்கு. அதனால் விலை கூடினால் தரமும் அதே அளவு கூடும் என்று எண்ண வேண்டாம். அடிமட்ட விலையிலிருந்து நடுத்தர விலைக்கு ஏறும்போது பாதுகாப்பு நிஜமாகவே கூடுகிறது. அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் எடைக் குறைப்புக்கும் பெயருக்கும்தான். மிகவும் மலிவானதில் நல்லது கிடைக்காது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அதை நிரூபிக்கத் தாள் எதுவும் இருக்காது.

காஸ்ட், ஃப்ளோ ஃபார்ம்டு, ஃபோர்ஜ்டு என்கிறார்கள். என்ன வித்தியாசம்?

காஸ்ட் என்பது வார்ப்பு. உருக்கிய அலுமினியக் கலவையை அச்சில் ஊற்றி ஆற விடுவது. பரவலாகப் பயன்படும் கலவை ஏ356. அதில் சுமார் 7 சதவீதம் சிலிக்கானும் சிறிதளவு மக்னீசியமும் இருக்கும். வார்ப்பிலும் இரண்டு வகை உண்டு. உலோகம் தன் எடையாலேயே அச்சுக்குள் இறங்குவது கிராவிட்டி காஸ்டிங். கீழேயிருந்து காற்றழுத்தத்தால் மெதுவாக ஏற்றுவது லோ பிரஷர் காஸ்டிங். இரண்டாவதில் உலோகம் அலையடிக்காமல் நிரம்புவதால் உள்ளே காற்றுக் குமிழ் குறையும். கார்களோடு வரும் அலாய் வீல்களில் பெரும்பாலானவை இப்படி வார்த்தவைதான். வார்ப்பு என்றாலே மட்டம் என்று நினைப்பது தவறு.

ஃப்ளோ ஃபார்ம்டு வீலும் வார்ப்பில்தான் தொடங்குகிறது. வார்த்த துண்டைச் சூடாக்கிச் சுழற்றி, டயர் உட்காரும் உருளைப் பகுதியை ரோலர்களால் அழுத்தி நீட்டுகிறார்கள். அந்தப் பகுதி மெலிந்து, அடர்த்தியாகி, வலுவாகிறது. ஆனால் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் கைகளான ஸ்போக்கும் நட்டு உட்காரும் நடுப்பகுதியும் வார்ப்பாகவேதான் இருக்கும். 'ஃபோர்ஜ்டுக்குச் சமம்' என்று சொல்லி விற்பார்கள். உருளைப் பகுதிக்கு அது ஓரளவு பொருந்தும், முழு வீலுக்குப் பொருந்தாது.

ஃபோர்ஜ்டு வீலில் உலோகத்தை உருக்கி ஊற்றுவதே இல்லை. திடமான அலுமினியக் கட்டையை, பெரும்பாலும் 6061 கலவையை, சூடாக்கி ஆயிரக்கணக்கான டன் அழுத்தத்தில் நசுக்கி உருவாக்குகிறார்கள். அதனால் குமிழுக்கு இடமில்லை. ஓங்கி அடிபட்டால் உடைவதற்கு முன் வளையும். கடைசல் வேலை அதிகம், வெட்டி வீணாகும் உலோகமும் அதிகம், விலை உயர்வதற்கு அதுதான் காரணம்.

எங்கள் கணிப்பு இது. அன்றாட ஓட்டத்துக்கு, சோதனைத் தாள் உள்ள லோ பிரஷர் வார்ப்பு போதும். சாலை மோசம், டயர் சுவரும் தாழ்வு என்றால் ஃப்ளோ ஃபார்ம்டு கொடுத்த காசுக்குப் பயன் தரும். ஃபோர்ஜ்டு பந்தயத் தளத்துக்கும், கனமான வேகமான காருக்கும்.

கடையில் 'ஃப்ளோ ஃபார்ம்டு' என்கிறார்கள். உண்மையா என்று எப்படித் தெரியும்?

முதலில் எடை. ஒரே அளவில், அதே நிறுவனத்தின் சாதாரண வார்ப்பு வீலோடு தராசில் வைத்துப் பாருங்கள். 17 இன்ச், 7.5 அகலம் உள்ள வார்ப்பு வீல் சாதாரணமாக 9 முதல் 11 கிலோ இருக்கும். ஃப்ளோ ஃபார்ம்டு அதைவிட ஒரு கிலோவாவது குறைய வேண்டும். அடுத்து, டயர் மாட்டாத வீலின் உட்புற உருளையைத் தடவிப் பாருங்கள். அழுத்தி நீட்டிய பகுதி மெல்லியதாகவும் சீராகவும் இருக்கும். வார்ப்பின் சொரசொரப்பு அங்கே தெரியாது. எடையும் குறையவில்லை, உட்புறம் முழுக்க வார்ப்புத் தோல் போலவே இருக்கிறது என்றால் அந்தப் பெயர் ஸ்டிக்கரில் மட்டும்தான் இருக்கிறது.

வீலின் பின்புறம் உள்ள எண்களையும் எழுத்துகளையும் எப்படிப் படிப்பது?

'16×6.5ஜே எச்2 இடி45' என்று இருந்தால் விட்டம் 16 இன்ச், அகலம் 6.5 இன்ச். ஜே என்பது விளிம்பின் வடிவம். எச்2 என்றால் டயரின் விளிம்பு நழுவாமல் தடுக்கும் மேடு இரு பக்கமும் உண்டு. இடி45 என்பது ஆஃப்செட், அதாவது வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே அமரும் என்ற அளவு, 45 மி.மீ. '5×114.3' என்றால் ஐந்து துளைகள், அவற்றின் மையங்கள் 114.3 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் இருக்கின்றன. இதைத்தான் பிசிடி என்கிறார்கள். இவற்றோடு 'மேக்ஸ் லோடு' என்ற எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், நிறுவனத்தின் பெயர் அல்லது குறி ஆகியவையும் இருக்க வேண்டும்.

இவை வார்ப்பிலேயே புடைத்தோ உலோகத்தில் பொறித்தோ இருக்க வேண்டும். வெறும் ஸ்டிக்கர் கணக்கில் வராது. எழுத்து இருந்த இடத்தைக் கிரைண்டரால் தேய்த்த தடம் தெரிந்தால் அந்த வீல் வேண்டவே வேண்டாம். யாருடைய வீல், எவ்வளவு தாங்கும் என்பதை மறைக்க ஒருவர் உழைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஜேடபிள்யூஎல், விஐஏ முத்திரை இருந்தால் போதுமா?

ஜேடபிள்யூஎல் என்பது ஜப்பான் அரசின் போக்குவரத்து அமைச்சகம் பயணிகள் கார்களின் அலாய் வீல்களுக்கு வகுத்த தரம். லாரி, பஸ்ஸுக்கு ஜேடபிள்யூஎல்-டி. ஆனால் இந்த முத்திரையைத் தயாரிப்பாளர் தானே சோதித்துத் தானே போட்டுக்கொள்ளலாம். விஐஏ முத்திரை ஒரு படி மேல். அது ஜப்பானில் உள்ள தனி அமைப்பு ஒன்று சோதனையைச் சரிபார்த்துப் பதிவு செய்ததைக் காட்டுகிறது. ஜெர்மனியில் அந்நாட்டு வாகன ஆணையமான கேபிஏவின் எண் வார்ப்பிலேயே இருக்கும். ஐ.நா. ஒழுங்குமுறை 124ன் கீழ் ஒப்புதல் பெற்ற மாற்று வீல்களில், வட்டத்துக்குள் ஈ என்ற எழுத்தும் ஒரு நாட்டு எண்ணும் இருக்கும்.

சோதனைகள் பெரும்பாலும் மூன்று. வளைவில் திரும்பும்போது ஏற்படும் விசையைக் கொடுத்துச் சுழற்றுவது ஒன்று. பாரத்தோடு லட்சக்கணக்கான சுற்றுகள் உருட்டுவது இன்னொன்று. மூன்றாவது மோதல் சோதனை. வீலை 13 டிகிரி சாய்த்து வைத்து, டயர் மாட்டிக் காற்றடைத்து, விளிம்பின் மேல் ஒரு கனத்தை 230 மி.மீ. உயரத்திலிருந்து போடுவார்கள். வீலின் குறித்த பாரத்தில் 0.6 பங்கோடு 180 கிலோவைக் கூட்டினால் அந்தக் கனம் கிடைக்கும். 500 கிலோ வீலுக்கு 480 கிலோ, 690 கிலோ வீலுக்கு 594 கிலோ. நடுப்பகுதியில் விரிசல் விட்டாலும், ஒரு நிமிடத்துக்குள் காற்று முழுவதும் போனாலும் அந்த வீல் தோல்வி.

முத்திரையை அச்சில் செதுக்குவது யாருக்கும் கஷ்டமில்லை, போலி நிறைய. அதனால் முத்திரையோடு நின்றுவிடாமல், அந்த மாடலுக்கும் அந்த அளவுக்குமான சோதனை அறிக்கையைக் கேளுங்கள். 'எங்கள் 15 இன்ச் வீல் தேறியிருக்கிறது' என்பது 18 இன்ச்சுக்குச் செல்லாது. அகலம், ஆஃப்செட், பாரம் எது மாறினாலும் சோதனை மாற வேண்டும். நல்ல நிறுவனம் ஒரு நாளில் அனுப்பிவிடும். 'அதெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க சார்' என்ற பதில் வந்தால் அதையே அறிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

என் காருக்கு எவ்வளவு பாரம் தாங்கும் வீல் வேண்டும்?

ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் அல்லது கையேட்டில் முன் அச்சு, பின் அச்சு ஒவ்வொன்றும் தாங்கக்கூடிய உச்ச எடை இருக்கும். இரண்டில் பெரியதை இரண்டால் வகுங்கள். பின் அச்சு 1,090 கிலோ என்றால் ஒரு வீலுக்கு 545 கிலோ. வாங்கும் வீலில் குறித்த பாரம் இதற்குக் கீழே போகவே கூடாது. 600க்கு மேல் இருந்தால் நிம்மதி. மின்சாரக் கார்களும் ஏழு இருக்கை வண்டிகளும் பார்க்கும் அளவைவிடக் கனமானவை. சின்ன காருக்கென்று வார்த்த வீல் பிசிடி பொருந்துகிறது என்பதற்காக அவற்றில் ஏறிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

இலேசான வீல் எப்போதும் நல்லதுதானே?

எப்படி இலேசானது என்பதைப் பொறுத்தது. நல்ல உலோகத்தால் இலேசானால் நல்லது. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை குறையும், பள்ளத்தில் சக்கரம் சாலையை விடாமல் பின்தொடரும். ஆனால் மலிவான வார்ப்பு வீல் திடீரென்று ஃபோர்ஜ்டு அளவுக்கு எடை குறைந்திருந்தால் எங்கிருந்து குறைத்தார்கள் என்று யோசிக்க வேண்டும். ஸ்போக்கின் முதுகைக் குடைந்திருப்பார்கள், அல்லது உள் விளிம்பை மெல்லியதாக்கியிருப்பார்கள். மலிவும் எடைக் குறைவும் ஒரே வார்ப்பு வீலில் சேர்ந்து வந்தால் பாதுகாப்புதான் குறைந்திருக்கும். மறுபக்கம், மலிவு வீல்களில் பல அளவுக்கு மீறிக் கனமாக இருக்கும். மட்டமான உலோகத்தைத் தடிமனால் ஈடுகட்டியிருப்பார்கள். அது ஆபத்து குறைவு, ஆனால் ஸ்டீரிங் மந்தமாகும், எரிபொருளும் கொஞ்சம் கூடப் போகும்.

பிசிடி பொருந்தினால் மாட்டிவிடலாமா?

கூடாது. நாலு விஷயம் சேர்ந்து பொருந்த வேண்டும்: பிசிடி, நடுத் துளை, நட்டு உட்காரும் வடிவம், மரை.

பிசிடியில் 'கிட்டத்தட்ட' என்பது கிடையாது. 5×112 வீலை 5×114.3 ஹப்பில் (வீல் பூட்டப்படும் அச்சு முனையில்) நட்டை முறுக்கி ஏற்றிவிட முடியும். ஆனால் ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் மரை போட்ட ஒவ்வொரு ஸ்டட்டும் ஒரு மி.மீ.க்கு மேல் இழுபட்டுச் சாய்ந்து நிற்கும். நட்டு தன் இருக்கையில் முழுதாகப் படியாது, ஓட ஓடத் தளரும், கடைசியில் ஸ்டட்டே முறியும். 4×98, 4×100 விஷயத்திலும் இதே கதைதான். நீங்களே அளக்க வேண்டுமென்றால், நாலு துளை வீலில் எதிரெதிர்த் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் அதுவே பிசிடி. ஐந்து துளையில் பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மையத் தூரத்தை 1.701ஆல் பெருக்குங்கள்.

நடுத் துளை ஹப்பின் மேட்டில் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். வெளியில் விற்கும் வீல்கள் பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று 73.1 மி.மீ. போன்ற பெரிய துளையோடு வரும். சுசுகியின் பல கார்களில் ஹப் 54.1, ஹோண்டாவின் சின்ன கார்களில் 56.1, ஃபோக்ஸ்வாகனில் பெரும்பாலும் 57.1, ஹூண்டாயின் பெரிய கார்களில் 67.1. இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் போட வேண்டும். பாரத்தைச் சுமப்பது ரிங் இல்லை, நட்டின் இறுக்கம்தான். ரிங்கின் வேலை, நட்டை முறுக்கும்போது வீலை மையத்தில் பிடித்து வைப்பது. அது இல்லாமல் மாட்டிய வீல் கால் மி.மீ. விலகினாலும் வேகத்தில் ஸ்டீரிங் நடுங்கும், எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் போகாது. சாதாரண ஓட்டத்துக்கு பிளாஸ்டிக் ரிங் போதும். மலைப்பாதையில் பிரேக் சூடேறும் வண்டிக்கு அலுமினிய ரிங் போடுங்கள், வருடம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், இல்லையேல் துருவோடு ஒட்டிக்கொள்ளும்.

நட்டின் இருக்கை மூன்று விதம்: 60 டிகிரி கூம்பு, பந்து வடிவம், தட்டை வாஷர். ஹோண்டாவும் ஃபோக்ஸ்வாகனும் தங்கள் வீல்களுக்குப் பந்து வடிவம் தருகின்றன. டொயோட்டாவின் பல அலாய் வீல்களுக்குத் தட்டை. வெளி வீல்களில் பெரும்பாலானவை கூம்பு. காரின் பழைய நட்டையே கூம்புத் துளையில் போட்டால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும்தான் தொடும். முறுக்கும்போது இறுகியதுபோல் இருக்கும், நூறு கிலோமீட்டரில் தளர்ந்துவிடும். வீலின் விலையோடு புது நட்டு செட்டின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

மரையும் வண்டிக்கு வண்டி மாறும். டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய், மஸ்தா பெரும்பாலும் 12×1.5, அதாவது 12 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. மரை இடைவெளி. சுசுகி 12×1.25. ஃபோக்ஸ்வாகன் 14×1.5, அதுவும் நட்டு இல்லை, போல்ட்டு. முறுக்கும்போது முழுச் சுற்றுகளை எண்ணுங்கள். 12×1.5க்குக் குறைந்தது 8, 12×1.25க்கு 10, 14×1.5க்கும் 10 சுற்று ஏறினால்தான் பிடிமானம் போதுமானது. போல்ட்டு வகையில் தேவைக்கு மேல் நீளமாக இருப்பதும் ஆபத்து. ஹப்பின் பின்னால் நீட்டிக்கொண்டு ஹேண்ட் பிரேக் பாகங்களில் உரசும்.

ஆஃப்செட் கொஞ்சம் மாறினால் என்ன ஆகும்?

வீலின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் படியும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். எண் குறைந்தால் வீல் வெளியே போகும். அகலமும் சேர்ந்து மாறும்போதுதான் பலர் கணக்கைத் தவறவிடுகிறார்கள். 6ஜே இடி45ஐக் கழற்றி 7.5ஜே இடி35 போடுவதாக வைத்துக்கொள்வோம். அகலம் 1.5 இன்ச் கூடியதால் இரு பக்கமும் 19 மி.மீ. வளர்கிறது. ஆஃப்செட் 10 குறைந்ததால் மொத்த வீலும் 10 மி.மீ. வெளியே நகர்கிறது. ஆக வெளிப்பக்கம் 29 மி.மீ. நீட்டும், உள்பக்கம் 9 மி.மீ. நெருங்கும். வெளியே ஃபெண்டரிலும் உள்ளே ஷாக் அப்சார்பரிலும் இந்த இடம் இருக்கிறதா என்று ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பி, பின் இருக்கையில் ஆள் உட்காரவைத்து அளந்து பார்க்க வேண்டும்.

ஆஃப்செட்டைக் காரின் அளவிலிருந்து 5 முதல் 10 மி.மீ.க்குள் வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு மேல் வெளியே தள்ளினால் வீல் பேரிங்கில் நெம்புகோல் போல விசை ஏறும், பிரேக் அடிக்கும்போது ஸ்டீரிங் ஒரு பக்கம் இழுக்கும்.

எத்தனை இன்ச் வரை பெரிதாக்கலாம்?

டயரின் மொத்த விட்டம் மாறாமல் இருக்க வேண்டும், 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 185/65ஆர்15 டயரின் (அகலம் 185 மி.மீ., சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 இன்ச்) விட்டம் 621.5 மி.மீ. 195/55ஆர்16 போட்டால் 620.9, கிட்டத்தட்ட அதேதான். 205/45ஆர்17 போட்டால் 616.3, அதுவும் சரி. ஆனால் டயர் சுவரின் உயரம் 120 மி.மீ.யிலிருந்து 107ஆகவும் 92ஆகவும் இறங்குவதைக் கவனியுங்கள். பள்ளத்தின் அடியை முன்பு ரப்பர் வாங்கியது, இனி ரிம் வாங்கும். அங்கேதான் வீலின் தரம் வெளிப்படும். 15 இன்ச்சில் பிழைத்துக்கொள்ளும் மட்டமான வார்ப்பு 17 இன்ச்சில் முதல் மழைக்காலத்திலேயே வளையும்.

டயரின் பாரக் குறியீட்டையும் பார்க்க மறக்காதீர்கள். 88 என்றால் 560 கிலோ, 87 என்றால் 545, 84 என்றால் 500. 15 இன்ச்சில் 88 இருந்த இடத்தில் 17 இன்ச்சில் சாதாரண 84 போட்டால் ஒரு சக்கரத்துக்கு 60 கிலோ தாங்கும் திறன் போய்விட்டது. அந்த அளவில் கூடுதல் பாரம் தாங்கும் எக்ஸ்எல் என்று குறித்த 88ஐத் தேடி வாங்குங்கள்.

ரெப்ளிகா வாங்கலாமா?

ரெப்ளிகாவிலும், அதாவது நகல் வீலிலும், இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, டிசைனைப் பார்த்துச் செய்திருந்தாலும் தன் பெயரையும் பாரத்தையும் சோதனை எண்ணையும் போட்டு விற்கும் வீல். இது காரின் சொந்த வீலுக்குச் சமமாக இல்லாவிட்டாலும் பயன்படுத்தத் தகுந்தது. இன்னொன்று, பெரிய நிறுவனத்தின் பெயரையே பொறித்து வரும் போலி. அது யார் செய்தது என்றே தெரியாது, உடைந்தால் கேட்க ஆள் இல்லை. பந்தயப் பெயர் உள்ள ஃபோர்ஜ்டு வீலின் போலி பெரும்பாலும் சாதாரண வார்ப்புதான். தராசில் வைத்து, நிறுவனம் வெளியிட்ட எடையோடு ஒப்பிட்டாலே சாயம் வெளுத்துவிடும்.

வீல் வீட்டுக்கு வந்துவிட்டது. டயர் மாட்டும் முன் என்ன சோதிக்க வேண்டும்?

டயர் ஏறிய வீலைப் பெரும்பாலான கடைகள் திரும்ப வாங்காது. அதனால் இந்த அரை மணி நேரம்தான் உங்கள் கையில் இருக்கும் ஒரே வாய்ப்பு.

நான்கையும் எடை போடுங்கள். ஒன்றுக்கொன்று 200, 300 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வார்ப்பு சீராக இல்லை. வெர்னியரால் நடுத் துளையை அளந்து, சொன்ன அளவுதானா என்று பாருங்கள். ஹப்பில் படியும் முகத்திலும் நட்டு உட்காரும் இடத்திலும் பெயின்ட் தடிமனாக இருக்கக் கூடாது. இறுக்கிய பிறகு அந்தப் பெயின்ட் நசுங்கி உதிரும், நட்டு தளரும். விலை குறைந்த வீல்களில் இது மிகச் சாதாரணமாகக் காணப்படும் குறை. பலர் கவனிப்பதே இல்லை. ஸ்போக்கின் பின்புறம், ஸ்போக் உருளையோடு சேரும் மடிப்பு, காற்று வால்வு துளை இவற்றில் ஊசிக்குத்துப் போன்ற குழிகளோ பட்டி பூசி மூடிய தடமோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பிறகு பேலன்சிங் மெஷினில் டயர் இல்லாமல் சுழற்றச் சொல்லுங்கள். டயரின் விளிம்பு உட்காரும் இடத்தில் நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்து மேலும் கீழும் ஆட்டம், பக்கவாட்டு ஆட்டம் இரண்டையும் பார்க்க வேண்டும். அரை மி.மீ.க்குள் இருந்தால் நல்ல வீல். ஒரு மி.மீ.யைத் தொட்டால் திருப்பிக் கொடுங்கள். டயல் கேஜ் இல்லையென்றால் அசையாத ஒரு கம்பி முனையை விளிம்பருகே வைத்து இடைவெளி கூடிக் குறைவதைப் பார்க்கலாம். ஆட்டம் தெரிந்ததும் வீலைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். வீலைத் தளர்த்தி அரைச் சுற்று திருப்பி மறுபடி பூட்டுங்கள். மேடான இடம் வீலோடு நகர்ந்தால் குறை வீலில். மெஷினோடே நின்றால் பூட்டியதில் குறை.

டயர் ஏறிய பின் ஒரு பக்கத்துக்கு 60, 70 கிராம் எடை ஒட்ட வேண்டி வந்தால் டயரை ரிம்மில் அரைச் சுற்று திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். காற்றை நிரப்பி, சோப்பு நீரை விளிம்பில் மட்டுமில்லாமல் உருளையின் உட்புறம் முழுக்கத் தடவுங்கள். விளிம்பில் குமிழ் வந்தால் டயர் படியவில்லை என்று அர்த்தம். உலோகத்தின் நடுவிலிருந்தே குமிழ் வந்தால் வார்ப்பில் நுண்துளை இருக்கிறது. பசையால் அடைத்து ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எந்த பெயின்ட் நீடிக்கும்?

ஒரே நிறத்தில் பவுடர் கோட்டிங் செய்தது நெடுநாள் உழைக்கும், பழுது பார்ப்பதும் எளிது. பளபளக்கும் டைமண்ட் கட் முகத்தில் வெறும் அலுமினியத்தின் மேல் லாக்கர் மட்டும்தான். ஒரு கல் தெறித்து லாக்கர் உடைந்தால் போதும், உள்ளே ஈரம் புகுந்து புழு ஊர்ந்ததுபோல வெள்ளைக் கோடுகள் ஓடும். திரும்பக் கடைந்து சரிசெய்யலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் உலோகம் குறைவதால் ஒன்று இரண்டு தடவைக்கு மேல் முடியாது. மலிவு க்ரோம் விளிம்பில் உரியத் தொடங்கினால் காற்றுக் கசியும்.

பழைய வீல் வாங்கலாமா?

புது மட்டமான வீலைவிடப் பழைய நல்ல வீல் மேல், கார் நிறுவனத்தின் சொந்த வீலாக இருந்தால் இன்னும் மேல். ஆனால் டயரோடு மாட்டி வைத்திருப்பதைக் கழற்றாமல் வாங்காதீர்கள். உள் விளிம்பில்தான் வளைவும் விரிசலும் வரும், டயர் அதை மறைக்கும். உட்புறம் மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் கேள்வி கேளுங்கள். நட்டு துளைகள் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அந்த வீல் தளர்ந்த நட்டோடு ஓடியது. சந்தேகமான இடத்தில் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பூச்சு அடிக்கும் ஊடுருவுசாயச் சோதனையைப் பட்டறையில் செய்துகொள்ளலாம். மயிரிழை விரிசல்கூடச் சிவப்புக் கோடாக வெளியே தெரியும்.

வளைந்த வீலைப் பெண்டு எடுக்கலாமா? விரிசலுக்கு வெல்டிங்?

உள் விளிம்பில் சின்ன வளைவு என்றால் ஹைட்ராலிக் அழுத்தத்தில் மெதுவாக நிமிர்த்தலாம், ஒரு தடவை மட்டும். கேஸ் டார்ச்சால் பழுக்கக் காய்ச்சி சுத்தியலால் அடிக்கும் இடத்தில் கொடுக்காதீர்கள். அலாய் வீலின் வலு வெப்பப் பதப்படுத்தலில் இருக்கிறது. அந்தச் சூடு அதைக் கலைத்துவிடும், வெளியே எதுவும் தெரியாது. விரிசலுக்கு வெல்டிங் வேண்டாம். ஸ்போக்கிலோ நட்டு துளைப் பக்கத்திலோ விரிசல் என்றால் எடைக்குப் போட வேண்டியதுதான்.

இதையொட்டி வாங்கும்போதே கேட்க வேண்டிய ஒன்று: இந்த மாடலில் தனி வீல் ஒன்று இரண்டு வருடம் கழித்தும் கிடைக்குமா? பெயர் தெரியாத மலிவு வீல்கள் ஒரு சரக்கோடு நின்றுவிடும். ஒன்று போனால் நான்கையும் மாற்ற வேண்டி வரும். அப்போது மலிவு மலிவாக இருக்காது.

ஸ்டீல் வீலே போதாதா?

தாராளமாகப் போதும். கனம்தான், அழகில்லைதான். ஆனால் உடையாமல் வளையும், விலை குறைவு. சான்றில்லாத அலாய்க்குத்தான் காசு இருக்கிறது என்றால் ஸ்டீல் வீலும் நல்ல டயரும் எடுங்கள்.

கையில் இருக்கும் பணம் குறைவு. எதில் மிச்சம் பிடிக்கலாம்?

அளவில் பிடியுங்கள். 17க்குப் பதில் 16 இன்ச் எடுத்தால் வீல், டயர் இரண்டின் விலையும் இறங்கும், அதே பணத்தில் ஒரு படி நல்ல வார்ப்பு கிடைக்கும். பெயின்ட்டில் பிடிக்கலாம், போன வருட டிசைனில் பிடிக்கலாம். நட்டு, ஹப் ரிங், டயர் இந்த மூன்றில் பிடிக்காதீர்கள். சாலையைத் தொடுவது டயர். வீலுக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டு டயரில் மட்டம் வாங்குவது எங்களுக்கு இன்றுவரை புரியாத கணக்கு.

மாட்டிய பிறகு என்ன செய்ய வேண்டும்?

ஹப்பின் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு மாட்டுங்கள். நட்டுகளைக் கையால் பொருத்தி, ஒன்றுவிட்டு ஒன்றாக, இரண்டு மூன்று சுற்றில், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். 12 மி.மீ. ஸ்டட்டுகளுக்கு 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் என்பது பொதுவான அளவு, உங்கள் காரின் கையேட்டில் உள்ளதே இறுதி. மரையில் கிரீஸ் தடவினால் அதே டார்க்கில் ஸ்டட் கூடுதலாக இழுபடும், தடவாதீர்கள். காற்றுத் துப்பாக்கியால் விட்டு அடிப்பதை அனுமதிக்காதீர்கள், நட்டு இருக்கை முதல் நாளே நசுங்கும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் ஆறியிருக்கும்போது திரும்ப டார்க் வைத்துப் பாருங்கள். எந்த நட்டாவது கால் சுற்றுக்கு மேல் நகர்ந்தால் கழற்றி, இருக்கையில் பெயின்ட் நசுங்கியிருக்கிறதா, நட்டின் வடிவம் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும். ஸ்டெப்னி பழைய வீலாகவே இருந்தால் அதற்கான பழைய நட்டுகளை ஒரு பையில் போட்டு அதோடு டிக்கியில் வைத்துவிடுங்கள்.